குடைப் பாப்பாவுக்கு எந்தக் காலம்

ஜூன் 3

அண்ணா,

கவர் மேல என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோன்னு பயந்திருப்பே. இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். போன் பண்ணியிருக்கலாம். ஆனா போன்ல மூணாவது வார்த்தையிலயே நாம ரெண்டு பேரும் கத்த ஆரம்பிச்சிடறோம். கடுதாசியில கத்த முடியாது, அதான் எழுதறேன்.

ஒரே ஒரு விஷயம் கேக்கணும். நான் எப்போ செத்தேன்?

கிண்டல் பண்ணல. முதல்லேர்ந்து சொல்றேன்.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறது உனக்குத் தெரியும். டாக்டர் பிடுங்கற குறடு, சுரண்டற கம்பி எல்லாத்தையும் கழுவி, ஆவிப் பெட்டியில வெச்சு எடுத்து, தட்டுல அடுக்கிக் கொடுக்கறதுதான் என் வேலை. முன்னாடி ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு பிரசவத்துக்குப் போறா. "இங்கிலீஷ் வந்தா அந்த சீட் உங்களுக்குத்தான்"னு டாக்டர் சொன்னார். எனக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீஷ், "டாக்டர் இஸ் கம்மிங்." அவர் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாலும் அதான், உள்ள உட்கார்ந்திருந்தாலும் அதான்.

அதனால நம்ம பாஷை பேசறவங்களுக்குன்னு நடக்கற ஒரு சாயங்கால வகுப்புல சேர்ந்தேன். ஒரு லிஃப்ட் மெக்கானிக், ஒரு மருந்துக்கடைக்காரர், இன்னும் சில பேர். டீச்சர் சின்னப் பொண்ணு, என்னைவிடப் பதினஞ்சு வயசாவது கம்மி. இந்த மாசம் முழுக்க வினைச்சொல்லும் காலமும். அதைப் புகழ்பெற்றவங்க வாழ்க்கையை வெச்சுப் படிக்கறோம். டீச்சர் ஒரு விதி சொன்னாங்க. உயிரோட இருக்கற நடிகருக்கு "ஹேஸ் ஆக்டட்" போடலாம், ஏன்னா அவர் இன்னும் நடிக்கலாம். செத்துப்போனவருக்கு "ஆக்டட்"தான். அவர் கணக்கு மூடியாச்சு.

நேத்து ஒரு தாள் கொடுத்தாங்க. ஆறு பேரோட வாழ்க்கை, வினைச்சொல் வர்ற இடமெல்லாம் கோடு போட்டிருந்தது. நாலாவது பத்திக்கு மேல குடைப் பாப்பான்னு போட்டிருந்தது.

அண்ணா, சினிமாவுல எல்லாரும் என்னைக் கூப்பிட்ட அதே பேரு. அஞ்சு வயசுல குடையோட ஓடி வந்தது, பன்னிரண்டு படம், பொட்டிக்கடையில எல்லாம் தொங்கின காலண்டர், எல்லாம் சரியா இருந்தது. யாரையோ பத்திப் படிக்கற மாதிரியும் இருந்தது, என் துணியை யாரோ கொடியில காயப் போட்ட மாதிரியும் இருந்தது. டீச்சர் என்னையே வாசிக்கச் சொன்னாங்க. கடைசி வரிக்கு வந்தேன். பத்தொன்பதாவது வயசுல அவ, அப்புறம் ஒரு கோடு, பக்கத்துல "டை", சாகறதுன்னு அர்த்தம் வர்ற வினைச்சொல்.

"டைட்"னு சொன்னேன். வெரி குட்னு சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன். முதல்ல சிரிச்சார். அப்புறம் சாப்பிடாம எழுந்து போயிட்டார்.

நான் இவரோட கிளம்பி வந்தது பத்தொன்பது வயசுல. அது எல்லாருக்கும் தெரியும். சாவுன்னு யார் சொன்னா? நீ சொன்னியா? அம்மா சொன்னாளா? எதால செத்தேன்னு தாள்ல போடல. அதையாவது எழுது.

உன் தங்கை


ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தபோது ஒரு பெரியவருக்கு மூக்குக்கண்ணாடியின் காதை வளைத்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டே வளைத்ததில் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. அவர் உலகமே சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நீ செத்துப்போன விஷயம் எனக்கு உன் கடிதம் பார்த்துத்தான் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் என்னைப் போனில் அந்த வாங்கு வாங்கியவள் செத்தவளாக இருக்க முடியாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

நான் சொன்னேனா என்று கேட்கிறாய். நீ கிளம்பிப் போனபோது நான் ஊரிலேயே இல்லை. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் வேலை பழக வெளியூரில் இருந்தேன். அரை வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது நீயும் இல்லை, உன் படங்களும் சுவரில் இல்லை. ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. அடுத்த மாதமே அம்மா வீட்டை மாற்றிவிட்டாள்.

ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒன்று உறைக்கிறது. கடை திறந்த புதிதில் சில பேர் வருவார்கள். "உங்க தங்கச்சி போயிடுச்சாமே, பாவம்" என்பார்கள். நான், "என்னங்க பண்றது, அவ இஷ்டம், போயிட்டா. போன இடத்துல நல்லா இருந்தா சரி" என்பேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போவார்கள். ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் புரிகிறது. புரிகிறதா என்றும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அது வேறு எந்தக் குடைப் பாப்பாவாகவாவது இருக்குமோ? கேட்டு வைக்கிறேன்.

அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. காதில் வைக்கும் மிஷினை வாங்கிக் கொடுத்தேன். கேட்க விரும்புவதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறாள். இதைக் கத்திக் கேட்டால் தெருவுக்கே கேட்கும்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று வருடம் கழித்து எழுதுகிறாய். உன் சாவைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருக்கிறாய். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது. கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையைச் சாப்பிடச் சொல்.

அண்ணன்


ஜூன் 21

அண்ணா,

கண்ணைப் பத்தி நீ பேசாதே. புரை எடுத்து, கட்டுப் பிரிச்சு, அம்மா வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சொன்னவன் நீ. "உனக்கு எதுக்குத் தொந்தரவு"ன்னே. அந்த வார்த்தைக்குத்தான் போன்ல கத்தினேன். இப்போ புரியுது, செத்தவளுக்கு எதுக்குத் தகவல்.

சரி, விடு. இதை அடிச்சுட்டு வேற எழுதலாம்னு பார்த்தேன். இருக்கட்டும்.

வேற குடைப் பாப்பா யாரும் இல்ல. போன வகுப்புல டீச்சர் அந்தத் தாளை வெச்சு எங்களைப் பேசச் சொன்னாங்க. யாருக்கு யாரைத் தெரியும், என்ன ஞாபகம்னு. மருந்துக்கடைக்காரர் கையைத் தூக்கினார். நாப்பது வயசு இருக்கும், அதிகம் பேசாத ஆள். மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கற மாதிரி வார்த்தையைக் கத்தரிச்சுக் கத்தரிச்சுத்தான் பேசுவார். அவர் சொல்றார், "எனக்குக் குடைப் பாப்பாவைத் தெரியும். அவங்க செத்த செய்தி வந்தப்போ எங்கம்மா ரெண்டு நாள் அடுப்பு பத்த வைக்கல. நாங்க பக்கத்து வீட்டுல சாப்பிட்டோம்."

இதை அவர் இங்கிலீஷ்ல சொல்லணும். அம்மா அழுதுட்டே இருந்தாங்கன்னு சொல்றதுக்கு "வாஸ் க்ரையிங்"கா, "ஹேட் பீன் க்ரையிங்"கான்னு டீச்சரும் அவரும் ரொம்ப நேரம் பேசினாங்க. நான் பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன்.

அப்புறம் அவர், "இருந்திருந்தா இப்போ நாப்பத்து மூணு வயசு இருக்கும்"னார். சரியான கணக்கு அண்ணா. லிஃப்ட் மெக்கானிக் என் பக்கம் திரும்பி, "உங்க வயசுதான்"னார். நான் குனிஞ்சு கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். யாருக்காகன்னு கேட்டா சொல்லத் தெரியல. அந்தப் பொண்ணு பாவம்னு தோணிச்சு. பத்தொன்பது வயசுல போயிட்டாளேன்னு தோணிச்சு. உடனே, அட நான்தானே, நான் எங்க போனேன், பஸ் பிடிச்சு வந்து கிரேன் ரிப்பேர் பார்க்கறவருக்கு டிபன் டப்பா கட்டிக்கிட்டு இருக்கேனேன்னும் தோணிச்சு. ரெண்டும் ஒண்ணாவே தோணுது.

அடுத்த மாசம் ஒரு பேட்டி மாதிரி செய்யணும். ஒருத்தர் பிரபலம், இன்னொருத்தர் பத்திரிகைக்காரர். மருந்துக்கடைக்காரர்தான் பத்திரிகைக்காரர். பிரபலம் யாருன்னு சீட்டுக் குலுக்கினாங்க. லிஃப்ட் மெக்கானிக்குக் கிரிக்கெட் ஆட்டக்காரர் விழுந்தது. எனக்கு யார் விழுந்திருக்கும்னு நீயே சொல்லு. செத்தவங்களைப் பேட்டி எடுக்க முடியாதேன்னு கேட்டேன். "உயிரோட இருந்திருந்தான்னு கற்பனை பண்ணுங்க, வுட் ஹேவ் போட்டுப் பேசுங்க"ன்னாங்க.

அம்மாகிட்ட கேளு. மிஷினை மாட்டிவிட்டுக் கேளு. மழுப்பினா விடாதே.

தங்கை


ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

கேட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்கு இதற்கு மேல் அர்த்தம் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். புரை எடுத்த பிறகு ஊசி கோப்பது அவளுக்கு ஒரு பெருமை. மிஷினைக் கையில் கொடுத்து, "தங்கச்சி எழுதியிருக்கா" என்றேன். அவளே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அவ கிளம்பினப்புறம் செத்துட்டான்னு யாரோ சொல்லியிருக்காங்களாம். உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"எந்த மழை?" என்றாள்.

"மழை இல்லம்மா. சாவு."

"அன்னிக்கு மழை பெஞ்சுதுடா. அதைச் சொன்னேன்."

பிறகு தானாகவே சொன்னாள். நீ போன அடுத்த வாரம் ஒரு வாரப் பத்திரிகைக்காரர் வந்திருக்கிறார். நனைந்துபோய் வாசலில் நின்றாராம்.

"பாப்பா எங்கம்மா?"

"அவ இல்லப்பா."

"இல்லைன்னா?"

"போன வாரம் வரைக்கும் இருந்தா. இப்ப இல்ல."

"ஐயோ, எப்படிம்மா ஆச்சு?"

"எனக்கே தெரியல. நல்லாத்தான் இருந்தா. யாருமே நினைக்கல. திடீர்னு இப்படிப் பண்ணிட்டா."

அவர் நோட்டை மூடிவிட்டாராம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு மழையிலேயே இறங்கிப் போனாராம். நல்ல மனுஷன், நம்ம கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிட்டான் என்று அம்மா நினைத்திருக்கிறாள். அடுத்த வாரம் பத்திரிகையில் கறுப்புக் கட்டம் போட்டு உன் படம் வந்தது.

"பார்த்ததும் மறுத்து எழுத வேண்டாமா?" என்று கேட்டேன்.

அதற்கு அவள் சொன்னது இது. உனக்கு ஒரு தயாரிப்பாளரை ஞாபகம் இருக்கும். உன்னைக் கதாநாயகியாகப் போட்டு எடுக்கிறேன் என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கினாரே, அவர். நீ போன நாளிலிருந்து தினமும் காலையில் அவர் கார் வந்து வாசலில் நிற்குமாம். டிரைவர் இறங்க மாட்டானாம். இஞ்சினை நிறுத்த மாட்டானாம். பொண்ணு எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்துக் கொண்டுவருவோம், அவளைக் கூட்டிக்கொண்டு போன அந்த லைட்காரனைச் சும்மா விட மாட்டோம் என்று சொல்லி அனுப்பினாராம். பத்திரிகை வந்த மறுநாள் கார் வரவில்லை. ஒரு மலர் வளையம் வந்தது.

"அதை என்ன பண்ணினே?"

"தூக்கிப் போட்டேன். நாறிச்சு."

ஆக, உன்னையும் மாப்பிள்ளையையும் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை உனக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து குரல் வருகிறது. "அந்தக் கோபத்துல, போனவ போனதுதான், அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்டா."

எழுந்து போய், "அம்மா, காப்பாத்தறதுக்கா, கோபத்துலயா?" என்றேன்.

"ஆமா" என்றாள்.

மறுநாள் கேட்டேன். காப்பாற்ற என்றாள். அதற்கு மறுநாள், "கோபம் வராதா? பெத்தவ இல்லையா?" என்றாள். தினம் ஒரு கண்ணாடி போட்டுப் பார்ப்பது போல இருக்கிறது. எந்த நம்பரிலும் எழுத்து தெளிவாகத் தெரியவில்லை.

உன் கடிதங்கள் இரண்டையும் முழுவதும் வாசிக்கச் சொன்னாள். மருந்துக்கடைக்காரரின் அம்மா அழுத இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். கடைசியில், "மார்க் போட்டாங்களா?" என்று கேட்டாள். வெரி குட் என்றார்களாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

அண்ணன்


ஜூலை 10

அண்ணா,

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சுட்டேன். அம்மா என்னைக் காப்பாத்தினாளா, தலை முழுகினாளா? இவர்கிட்ட கேட்டா, "அந்தக் கார் நம்மளைத் தேடி வந்திருந்தா அப்ப தெரிஞ்சிருக்கும்"னு சொல்றார். இங்க வந்த முதல் வருஷம் இவர் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கதவுக்குப் பின்னால ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வெப்பார். எதுக்குன்னு கேட்டா தாழ்ப்பாள் சரியில்லன்னு சொல்வார். தாழ்ப்பாள் நல்லாத்தான் இருந்தது. அதெல்லாம் இப்பதான் எனக்குச் சேர்ந்து வருது. அம்மாவை நினைச்சு அழணும்னு உட்கார்ந்தா கோபம் வருது. கோபப்படலாம்னு எழுந்தா அந்த மழையில வாசல்ல நின்னு "எனக்கே தெரியல"ன்னு சொன்னவதான் கண்ணு முன்னால வர்றா.

பேட்டி முடிஞ்சுது. அதையும் சொல்லிடறேன்.

நான் நாற்காலியில உட்கார்ந்தேன். மருந்துக்கடைக்காரர் எதிர்ல, கையில பேனா. முதல்ல எல்லாம் சரியாத்தான் போச்சு. எப்போ நடிக்க வந்தீங்க, யார் கூட்டிட்டு வந்தா, எல்லாத்துக்கும் இறந்தகாலத்துல சொல்லிட்டேன். அவர் குனிஞ்சு தாளைப் பார்த்து, "இப்போ என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?"னு இங்கிலீஷ்ல கேட்டார். அது அவர் தப்பு. "செய்துகொண்டிருந்திருப்பீர்கள்"னு கேட்டிருக்கணும்.

என் வாய் முந்திக்கிச்சு. "பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருக்கிறேன். இருபத்து நாலு வருஷமா இந்த ஊரில் வசித்துவருகிறேன்"னு சொல்லிட்டேன். ஹேவ் பீன் லிவிங். ஒரு எழுத்துப் பிசகல.

டீச்சர் நிறுத்தினாங்க. "அவங்க உயிரோட இல்லையே. வுட் ஹேவ் பீன் வரணும்."

"இல்ல டீச்சர். அவ சாகல."

"தாள்ல இருக்கே."

"தாள் தப்பு. அது நான்தான்."

எல்லாரும் சிரிச்சாங்க. லிஃப்ட் மெக்கானிக் கை தட்டினார், "என்னமா நடிக்கறாங்க"ன்னார். இருபத்து நாலு வருஷம் கழிச்சு எனக்குக் கிடைச்ச கைதட்டல் அண்ணா, நான்தான் நான்னு சொன்னதுக்கு. டீச்சர் கற்பனைக்கு முழு மார்க் போட்டாங்க. காலத்துக்கு ரெண்டு மார்க் குறைச்சுட்டாங்க.

சிரிக்காதவர் மருந்துக்கடைக்காரர் ஒருத்தர்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாடியே வந்தார். "நிஜமாவா?"ன்னு கேட்டார்.

"இல்லைங்க, சும்மா சொன்னேன்"னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதே. வகுப்புல அத்தனை பேர் முன்னாடி ஆமான்னு சொன்னவ, நம்பறதுக்குத் தயாரா ஒரே ஒரு ஆள் வந்து கேக்கறப்போ இல்லைன்னுட்டேன். அவர் முகம் விழுந்துபோச்சு. "சரிங்க"ன்னுட்டு அடுத்த பஸ்ல போயிட்டார்.

நானும் அம்மா மாதிரிதான் போலிருக்கு.

தங்கை


ஜூலை 19

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். கைதட்டல் வந்த இடத்தில் சிரித்தாள். பஸ் ஸ்டாப் வந்ததும், "ஏன் அப்படிச் சொன்னா?" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். ஏதோ நானே அப்படிச் சொன்னது போல.

அதற்குப் பிறகு நடப்பதைக் கேள். மிஷினைக் காலையில் எழுந்ததும் மாட்டுகிறாள், படுக்கும்போதுதான் கழற்றுகிறாள். மாடி வீட்டுக்காரம்மாவிடம், "என் பொண்ணைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தம்மா என்னிடம் வந்து, "உங்களுக்குத் தங்கச்சி வேற இருக்காங்களா?" என்கிறார். பத்து வருடமாக மாடியில் இருக்கிறார்.

"எப்பம்மா போறே?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"போறேன்."

"எப்பன்னு கேக்கறேன்."

"அதான் போறேன்னு சொல்றேனே."

இந்தப் போறேனுக்கு நாளையும் அர்த்தம், அடுத்த வருடமும் அர்த்தம். உங்கள் டீச்சரிடம் கேட்டுச் சொல். நேற்று பார்த்தால் இரண்டு புடவை, ஒரு போர்வை மடித்துப் பையில் வைத்திருக்கிறாள். இன்று காலை அவற்றை எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். கேட்டால், "அவ கூப்பிடலையே" என்கிறாள்.

நீ கூப்பிடுகிறாயா? கூப்பிடவில்லையென்றால் நான் என்ன சொல்வது? என் வாசலை மிதிக்காதே என்று அன்று உனக்குச் சொல்லி அனுப்பியவள் அவள். இப்போது உன் வாசலை மிதிக்க அனுமதி வேண்டும் என்கிறாள். நடுவில் என்னை நிறுத்தியிருக்கிறீர்கள்.

அண்ணன்


ஜூலை 27

அண்ணா,

அம்மாவை இப்போ அனுப்பாதே.

வர வேண்டாம்னு சொல்லல. எனக்கு இன்னும் பிடிபடல, அதான். எதிர்ல வந்து நின்னா என்ன கேக்கறது? கட்டிப் பிடிப்பேனா, கதவைச் சாத்துவேனான்னு எனக்கே தெரியல. நேத்து ஆஸ்பத்திரியில பிடுங்கற தட்டுல சுரண்டற கம்பியை வெச்சுட்டேன், டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

இத்தனை வருஷம் அவ என்னைக் கோபிச்சுக்கிட்டு இருக்கான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அது கஷ்டமா இருந்தாலும் பழகிப்போன கஷ்டம். இப்போ அதையும் எடுத்துட்டீங்க. கொஞ்ச நாள் கொடு. யோசிச்சு எழுதறேன். அம்மா மனசு நோகாம நீயே ஏதாவது சொல்லி வை.

தங்கை


ஜூலை 27

அன்புத் தங்கைக்கு,

அம்மாவை இன்று காலை ரயில் ஏற்றிவிட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். "அவ வேண்டாம்னு எழுதிட்டா அப்புறம் போக முடியாது. எழுதறதுக்குள்ள போயிடறேன்" என்றாள். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. அதே ரயிலில் உன் ஊருக்கு வரும், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் என் வாடிக்கையாளர். அவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரையும் கேட்டுக்கொண்டேன். நீ கத்துவாய்.

ரயில் கிளம்புவதற்கு முன் ஜன்னலில் கை வைத்து, "அங்க போய் என்னம்மா சொல்லப்போறே?" என்று கேட்டேன்.

"முதல்ல அவ முகத்தைப் பார்க்கறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். இரண்டு பேருக்குச் சோறு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 16

அண்ணா,

அம்மா நல்லா இருக்கா. அதை முதல்ல எழுதிட்டேன், நீ குத்திக் காட்டக் கூடாது.

நீ எழுதினது அம்மா வந்து இறங்கினதுக்கு அப்புறம்தான் என் கைக்கு வந்துது. நான் வேலை முடிஞ்சு வந்தா இவர் கதவைத் திறக்கறார், முகத்துல திருட்டு முழி. உள்ள அம்மா கட்டில்ல உட்கார்ந்திருக்கா. ரொம்பச் சின்னவளா ஆயிட்டா அண்ணா. நீ எழுதவே இல்லையே. நான் செருப்பைக் கழட்டாம நின்னுட்டேன். கட்டியும் பிடிக்கல, கதவையும் சாத்தல. அவ என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தா. "உனக்கு நரைச்சுடுச்சு"ன்னா. "உனக்கும்தான்"னேன். அவ்வளவுதான். அப்புறம் நான் போய் டீ போட்டேன்.

முதல் வாரம் அதைப் பத்திப் பேச்சே இல்ல. துணி எப்படிப் பிழியணும், ஃபேன் எவ்வளவு வேகத்துல ஓடணும்னுதான் சண்டை. இவர்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறா, ஆனா அவர் சட்டைப் பட்டன் எல்லாத்தையும் அறுந்ததும் அறாததும் சேர்த்துத் தைச்சு வெச்சிருக்கா. ஒரு நாள் துணி மடிச்சுக்கிட்டே கேட்டேன்.

"அம்மா, அந்தப் பத்திரிகையை நீ ஏன் மறுக்கல?"

ரொம்ப நேரம் ஒரு தலையணை உறையையே மடிச்சுக்கிட்டிருந்தா.

"கேக்காதேடி. நீ எப்ப கேட்டாலும் ஒரு பதில் சொல்லுவேன். அன்னிக்கு எனக்கு என்ன இருந்துதுன்னு இப்போ எனக்கே கிடைக்கல."

நான் கேக்கறதை விட்டுட்டேன். மனசு ஆறிடுச்சுன்னு நினைக்காதே. எங்கேர்ந்து கோபப்படறதுன்னு தெரியல, அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை வகுப்புக்குக் கிளம்பினேன். தனியா இருக்க மாட்டேன்னு கூடவே வந்துட்டா. கடைசி பெஞ்சுல மிஷினை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. டீச்சர் எதிர்காலம் நடத்தினாங்க. அம்மாவுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது, ஆனா எல்லாரையும் ஒவ்வொருத்தரா உத்துப் பார்த்துக்கிட்டே இருந்தா. ரிசப்ஷன் சீட்டுல காலை வேளை மட்டும் உட்காரச் சொல்லியிருக்கார் டாக்டர், அதை இங்கிலீஷ்ல சொன்னேன். டீச்சர் திருத்தவே இல்ல.

முடிஞ்சு பஸ் ஸ்டாப்ல நின்னோம். மருந்துக்கடைக்காரரும் வந்தார். அந்தப் பேட்டிக்கு அப்புறம் அவர் என்கிட்ட சரியாப் பேசறதில்ல. கொஞ்சம் தள்ளி நின்னார்.

அம்மா அவரைக் கூப்பிட்டா. "தம்பி, உங்கம்மாதானே அடுப்பு பத்த வைக்காம இருந்தாங்க?"

அவர் திகைச்சுப்போய் என்னைப் பார்த்தார். எனக்கு ஓடிடலாம்னு இருந்தது.

"இவதான்பா"ன்னா அம்மா. என் தோளைப் பிடிச்சு அவர் பக்கம் திருப்பினா, அஞ்சு வயசுல கேமரா முன்னாடி நிறுத்தறப்போ திருப்புவாளே, அதே மாதிரி. "இவதான் அது. நான் இவ அம்மா."

அவர் என்னைப் பார்க்கறார், அம்மாவைப் பார்க்கறார். அப்புறம், "அன்னிக்கு இல்லைன்னீங்களே"ன்னார் மெதுவா.

"ஏன் சொன்னேன்னு தெரியலைங்க"ன்னேன்.

"எங்கம்மாகிட்ட சொல்லியிருந்தா..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டார்.

"அவங்க எங்க இருக்காங்க?"ன்னா அம்மா.

"போன வருஷம் போயிட்டாங்கம்மா."

அம்மா மிஷினைக் காதோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அவர் வாயையே பார்த்துக்கிட்டிருந்தா. காதுல விழுந்துதா இல்லையான்னு எனக்குச் சந்தேகம். அப்புறம் சொன்னா, "நானும் அழுதேன்பா. அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துட்டு உங்கம்மா மாதிரியே கிடந்து அழுதேன். இவ எங்கேயோ உயிரோட இருக்கான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அழுதேன்."

அவருக்குப் புரிஞ்சுதான்னு தெரியல. எனக்கும் தெரியல அண்ணா. நான் கேட்ட கேள்விக்கு அது பதிலா, இல்ல அது வேற எதுக்கோ பதிலா? உனக்குப் புரிஞ்சா எழுது. நான் அங்க நின்னுக்கிட்டு அவ கையில இருந்த பையை வாங்கிக்கிட்டேன், வேற என்ன செய்யறதுன்னு தெரியாம.

பஸ் வந்துது. கூட்டம். மருந்துக்கடைக்காரர் முதல்ல ஏறி ஒரு சீட்டைப் பிடிச்சு அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா உட்கார்ந்து, ஒடுங்கி, ஜன்னலோட ஒட்டிக்கிட்டா. பக்கத்துல கொஞ்சம் இடம் ஆச்சு. அதை உள்ளங்கையால ரெண்டு தட்டுத் தட்டினா. ஒருத்தர் உட்கார்ற அளவுக்கு அங்க இடமே இல்ல. நான் உட்கார்ந்துட்டேன்.

உன் தங்கை